மனநல சிகிச்சைக்குக் காப்பீடு உண்டு. உளவியல் ஆலோசனைக் கட்டணத்துக்குக் கிடைக்குமா?

புதுடெல்லி: மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு வழங்க வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. ஆயினும், உளவியல் ஆலோசனைக் கட்டணத்தைப் பெரும்பாலானோர் சொந்தப் பணத்திலிருந்தே செலுத்துகின்றனர். பணப் பற்றாக்குறையால் சிகிச்சையை இடையில் நிறுத்துவோரும் உள்ளனர். இதன் பின்னணியும் செலவைக் குறைக்கும் வழிகளும் வருமாறு:

செலவு எவ்வளவு?

ஓர் ஆலோசனை அமர்வு பொதுவாக 45 முதல் 60 நிமிடங்கள் வரை நீடிக்கும். மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றுக்கான அறிவாற்றல் நடத்தை சிகிச்சைக்குப் பெரும்பாலும் 12 முதல் 20 அமர்வுகள் தேவைப்படும். கட்டணம் நகரத்துக்கு நகரம், நிபுணருக்கு நிபுணர் மாறுபடும். அமர்வுக்கு ரூ.1,500 எனக் கொண்டால், 12 அமர்வுகளுக்கு ரூ.18,000, 20 அமர்வுகளுக்கு ரூ.30,000 செலவாகும். மனநல மருத்துவரின் கட்டணமும் மருந்துச் செலவும் தனி.

சட்டம் கூறுவது என்ன?

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, அடுத்த ஆண்டு மே 29-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. உடல்நோய்களுக்கு வழங்கப்படும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு வழங்க வேண்டும் என அதன் 21(4) பிரிவு வலியுறுத்துகிறது. அனைத்துத் திட்டங்களும் 2022 அக்டோபர் 31-ஆம் தேதிக்குள் இதற்கு இணங்க வேண்டும் எனக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் (ஐஆர்டிஏஐ) உத்தரவிட்டது.

ஆனால், 'அதே அடிப்படை' என்பதே இங்கு வரம்பாகவும் அமைகிறது. வழக்கமான பாலிசிகள் மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்ந்தால் மட்டுமே பணம் வழங்குகின்றன. ஆலோசனைக்கு வருபவரோ புறநோயாளி. காய்ச்சலுக்கு மருத்துவரைப் பார்க்கும் கட்டணம் எவ்வாறு திரும்பக் கிடைப்பதில்லையோ, அவ்வாறே ஆலோசனைக் கட்டணமும் கிடைப்பதில்லை. குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை வழங்கும் ஆயுஷ்மான் பாரத் திட்டமும் புறநோயாளிச் செலவை ஏற்பதில்லை.

பாலிசியில் கவனிக்க வேண்டியவை

* புறநோயாளி (ஓபிடி) பலன் உள்ளதா, அதில் உளவியல் ஆலோசனை சேருமா, ஆண்டு உச்சவரம்பு எவ்வளவு என்பதை எழுத்துபூர்வமாகக் கேட்டறிய வேண்டும்.

* ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாதங்கள். பாலிசி எடுக்கும்போது நோயை மறைத்தால் கோரிக்கை நிராகரிக்கப்படலாம்.

* மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவரா எனச் சரிபார்த்து, பதிவு எண்ணுடன் ரசீது பெறுவது நல்லது.

* கோரிக்கை மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்திடமும், தீர்வு கிட்டாவிடில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடமும் முறையிடலாம். அங்குக் கட்டணம் இல்லை.

இலவச, குறைந்த கட்டண வழிகள்

வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோர், அதற்கான அட்டை இல்லாவிட்டாலும், அரசு மனநல நிலையங்களில் இலவச சிகிச்சை பெறச் சட்டத்தின் 18-ஆவது பிரிவு உரிமை அளிக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளை அணுகலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற அரசு நிறுவனங்களில் தனியாரைவிடக் கட்டணம் குறைவு.

2022 அக்டோபர் 10-ஆம் தேதி தொடங்கப்பட்ட 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாக அழைக்கலாம். தமிழிலும் பேசலாம்.

தனியார் நிபுணரிடம் செல்வோர் மொத்த அமர்வுகள், வராவிட்டால் பிடிக்கப்படும் தொகை, கட்டணச் சலுகை ஆகியவற்றை முதல் அமர்வுக்கு முன்பே கேட்டறியலாம். பணம் போதாத நிலையில், சிகிச்சையைத் தாமாகவே நிறுத்திவிடாமல், அமர்வுகளுக்கு இடையிலான இடைவெளியை நீட்டிக்க முடியுமா என நிபுணரிடமே பேசலாம்.