நான்கு கிண்ணங்கள், சொந்த ஊரில் ஒரு போட்டியும் இல்லை

லங்கா பிரீமியர் லீக் இருபது ஓவர் சுற்றுப்போட்டி 2020 தொடக்கம் 2024 வரை ஐந்து தடவை நடந்தது. அதில் நான்கு தடவை கிண்ணத்தை வென்றது யாழ்ப்பாணத்தின் பெயரைத் தாங்கிய அணி. 2020 இல் ஜப்னா ஸ்டாலியன்ஸ் என்ற பெயரில், பின்னர் 2021, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் ஜப்னா கிங்ஸ் என்ற பெயரில். 2023 இல் மட்டும் கிண்ணம் கண்டிக்குப் போனது.

இவ்வளவு வென்ற அணிக்கு அதன் ஊரில் ரசிகர் பட்டாளம் இருக்கவேண்டும் அல்லவா? யாழ்ப்பாணத்தில் அப்படியொன்று உருவாகவில்லை. இறுதியாட்டம் முடிந்த இரவு முகநூலில் வாழ்த்துப் படங்கள் ஓடும். இரண்டு நாளில் ஓய்ந்துவிடும். அந்த அணியில் விளையாடும் பதினொரு பேரின் பெயரைச் சொல்லச் சொன்னால் பலர் மூன்றாவது பெயரில் தடுமாறுவார்கள். அதே ஆளிடம் சென்னை சுப்பர் கிங்ஸ் அணியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், பந்துவீச்சாளரின் காயம் வரைக்கும் சொல்லுவார்.

எங்கட பிள்ளைகளுக்கு விளையாட்டில் ஆர்வம் குறைந்துவிட்டது என்று இதற்குக் காரணம் சொல்வோர் இருக்கிறார்கள். அவர்கள் மார்ச் மாதத்தில் யாழ்ப்பாணம் வந்து பார்க்கவேண்டும். யாழ். மத்திய கல்லூரியும் சென். ஜோன்ஸ் கல்லூரியும் மோதும் 'வடக்கின் பெருஞ்சமர்' 1904 இல் தொடங்கியது. மூன்று நாள் ஆட்டம். பாண்ட் வாத்தியமும் கொடியுமாகப் பெடியங்கள் வீதியில் இறங்கிவிடுவார்கள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் பழைய மாணவர்கள் அந்த வாரத்துக்கென்றே லீவு எடுத்து வருகிறார்கள். கிரிக்கெட்டே தெரியாத அப்பம்மாவுக்குக்கூட இம்முறை எந்தப் பாடசாலை வென்றது என்பது தெரிந்திருக்கும். சென். பற்றிக்ஸ் கல்லூரிக்கும் யாழ்ப்பாணக் கல்லூரிக்கும் இடையிலான 'பொன் அணிகளின் போர்' இன்னொன்று. உதைபந்தாட்ட இறுதிப்போட்டியென்றால் கடற்கரைக் கிராமங்களில் அன்று வேறு வேலை நடக்காது. ஆர்வத்துக்கு இங்கே பஞ்சமில்லை. அந்த ஆர்வம் ஜப்னா கிங்ஸ் பக்கம் திரும்பவில்லை என்பதுதான் விடயம்.

முதற் காரணம் எவருக்கும் தெரியக்கூடியது. இந்த அணி யாழ்ப்பாணத்தில் ஒரு பந்துகூட வீசியதில்லை. 2020 இல் கொரோனா காரணமாக எல்லாப் போட்டிகளும் அம்பாந்தோட்டையில், பார்வையாளர் இல்லாமல் நடந்தன. குடாநாடு நாட்டின் வட முனை என்றால் அம்பாந்தோட்டை தென் முனை. அதன்பின் கொழும்பு பிரேமதாச மைதானம், பல்லேகல, தம்புள்ளை என்று போட்டிகள் சுற்றின. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். இரவுப் போட்டியொன்றைப் பார்க்க வேண்டுமென்றால் போகவர இரண்டு இரவும் பஸ்ஸில் கழியும். கூலி வேலைக்குப் போகும் குடும்பம் அதைச் செய்யாது. காலி அணியும் காலியில் ஆடியதில்லை என்று எதிர்வாதம் சொல்லலாம். உண்மைதான். ஆனால் காலியில் டெஸ்ட் மைதானம் இருக்கிறது, உலக அணிகள் வந்து ஆடிவிட்டுப் போகின்றன.

மைதானம் இல்லாவிட்டாலும் ரசிகர் பின்னால் போவார்களே என்று கேட்கலாம். 2018 இல் காவிரிப் போராட்டம் காரணமாகச் சென்னை அணியின் போட்டிகள் புனேக்கு மாற்றப்பட்டன. ரசிகர்கள் 'விசில் போடு எக்ஸ்பிரஸ்' என்ற தனி ரயிலில் அங்கே போனார்கள். ஆனால் அதற்கு முன்னரே அந்த அணி சேப்பாக்கத்தில் பல பருவங்கள் ஆடி, ஒரு தலைமுறைப் பிள்ளைகளை வளர்த்திருந்தது. முதலில் ஊரில் ஆடினால்தான் பிறகு ஊரைவிட்டுப் பின்தொடர்வார்கள்.

எங்கள் உறவுகள் பலர் வாழும் மொன்றியல் நகரில் இதன் மறுபக்கம் நடந்தது. அங்கே 'எக்ஸ்போஸ்' என்ற பேஸ்போல் அணி 1969 முதல் இருந்தது. 1994 இல் 74 வெற்றி, 40 தோல்வி என்று வட அமெரிக்காவின் முதல்நிலை அணியாக நின்றபோது வீரர்களின் வேலைநிறுத்தத்தால் பருவமே கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டு சிறந்த வீரர்களை நிர்வாகம் விட்டுவிட்டது. ரசிகர்கள் விலகினார்கள். 2003, 2004 ஆம் ஆண்டுகளில் அணியின் 'சொந்த ஊர்' போட்டிகளில் சில புவேர்ட்டோ ரிக்கோவில் நடத்தப்பட்டன. 2005 இல் அணி வொஷிங்டனுக்கே போய்விட்டது. ரசிகர் வரவில்லை என்று நகரைக் குறைசொன்னார்கள். கண்முன்னே கலைக்கப்படும் அணிக்கு யார் காசு கொடுத்து ரிக்கெட் வாங்குவார்?

ஜப்னா அணியும் அடிக்கடி கைமாறியது. முதலாண்டில் புலம்பெயர் தமிழ் வர்த்தகர்கள் சேர்ந்து நடத்தினார்கள். 2021 இல் லைக்கா குழுமம் எடுத்தது, பெயரும் மாறியது. 2025 ஏப்ரலில் அந்த உரிமமும் முடிவுறுத்தப்பட்டதாக அறிவிப்பு வந்தது. ஒவ்வொரு பருவத்துக்கும் வீரர்கள் மாறுகிறார்கள். திசர பெரேரா முதல் மூன்று கிண்ணங்களையும், சரித் அசலங்க நான்காவதையும் தூக்கினார்கள். நல்ல வீரர்கள், அவர்களில் பிழையில்லை. ஆனால் குருநகர்ப் பெடியனோ கோண்டாவில் பெடியனோ அந்த முகங்களில் தன் ஒழுங்கையைக் காணவில்லை.

கண்ட ஒரேயொரு சந்தர்ப்பம் வியாஸ்காந்த். யாழ். மத்திய கல்லூரியில் படித்த சுழற்பந்து வீச்சாளர். 2020 டிசெம்பரில், 19 வயது நிறையாத நிலையில் ஸ்டாலியன்ஸ் அணிக்காக இறங்கி அஞ்சலோ மத்யூஸின் விக்கெட்டை எடுத்தார். அன்றைக்கு யாழ்ப்பாணம் உண்மையாகவே அந்த அணியைப் பார்த்தது. 2024 மே மாதம் ஹசரங்கவுக்குப் பதிலாக சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணியில் அவர் ஐ.பி.எல். போட்டியில் ஆடியபோதும் அப்படித்தான். முதலாண்டில் வடக்கு கிழக்கைச் சேர்ந்த வேறு சில இளைஞர்களும் குழாமில் சேர்க்கப்பட்டார்கள். அவர்கள் பெரும்பாலும் வெளியே இருந்து பார்த்தார்கள்.

இதற்கெல்லாம் அடியில் போர் இருக்கிறது. இலங்கை அணி உலகக்கிண்ணம் வென்ற 1996 மார்ச் 17 அன்று வலிகாமத்துச் சனம் வீடுகளில் இல்லை. 1995 ஒக்டோபர் 30 இல் வெளியேறியவர்கள் தென்மராட்சியிலும் வடமராட்சியிலும் வன்னியிலும் அகதிகளாக இருந்தார்கள். மின்சாரம் 1990 உடன் போய்விட்டது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம். இலங்கை தோற்றால் சந்தோசப்பட்டவர்கள் இருந்தார்கள். முரளிதரன் விக்கெட் எடுத்தால் சந்தோசப்பட்டவர்களும் இருந்தார்கள். பல வீடுகளில் இரண்டும் ஒரே ஆள்தான். அப்படி வளர்ந்த சமூகத்திடம், கொழும்பில் கூட்டிச் சேர்த்த ஒரு அணிக்கு ஊரின் பெயரை வைத்துவிட்டு உடனே கைதட்டச் சொன்னால் கை தயங்கத்தான் செய்யும்.

மைதானங்களுக்கும் இங்கே வேறு நினைவுகள் உண்டு. துரையப்பா விளையாட்டரங்கில் 1999 இல் புனரமைப்புக்காகத் தோண்டியபோது எலும்புக்கூடுகள் வெளிவந்தன. 2016 இல் அது புதுப்பிக்கப்பட்டுத் திறக்கப்பட்டது. இப்போது பண்ணைப் பாலத்துக்கு அப்பால் மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கு 2025 செப்டெம்பர் 1 அன்று ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அடிக்கல் நாட்டினார். 1990 இல் அந்தத் தீவில் காணாமற்போனவர்களின் உறவுகள் இன்னமும் பதில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் மேலே கலரி கட்டுவது சரியா என்று அவர்கள் கேட்டால், விளையாட்டில் அரசியல் வேண்டாம் என்று சொல்லிக் கடந்துபோக முடியாது.

மைதானம் வரட்டும், வேண்டாம் என்று சொல்ல ஆளில்லை. ஆனால் குடாநாட்டுப் பாடசாலைகள் நீண்டகாலமாகப் பாய் விரித்த ஆடுகளத்தில்தான் ஆடி வந்தன. அதில் பழகிய பெடியன் கொழும்பின் புற்தரையில் போய் முதல் பந்தைச் சந்திக்கும்போது பந்து எழும் உயரமே வேறு. வடமராட்சி, தீவகம், கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பாடசாலைகளுக்குப் புற்தரை ஆடுகளமும் முழுநேரப் பயிற்றுநரும் எப்போது கிடைக்கும் என்பதை அடிக்கல்லோடு சேர்த்துக் கேட்கவேண்டும். மண்டைதீவில் முதல் போட்டி நடக்கும் நாளில் கலரி நிரம்புவது நிச்சயம், புதினம் பார்க்கவே சனம் வரும். அடுத்த ஆண்டும் வருமா என்பது, உள்ளே ஆடும் பதினொரு பேரில் எத்தனை பேரைக் கலரியில் இருப்பவர்கள் 'தம்பி' என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்பதில் இருக்கிறது.