நான்கு சக்கரங்களும் ஒரு மிதியும்

ஒரு பிக்கப் வண்டியைப் பட்டறையில் முட்டுக்கொடுத்து உயர்த்தி, நான்கு சக்கரங்களையும் கழற்றி, அவற்றின் பிரேக் லைனிங்குகளைத் தரையில் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விந்தை புலப்படும். எல்லாம் ஒரே நாளில் மாட்டியவை. ஒரே சாலையில் ஓடியவை. ஒரே காலால் மிதிக்கப்பட்டவை. ஆயினும் முன் சக்கரங்கள் இரண்டில் ஒன்றின் லைனிங் காகிதம்போல் தேய்ந்திருக்கும். மற்றொன்று நேற்று வாங்கியதுபோல் இருக்கும். வண்டியின் சொந்தக்காரர் தேய்ந்ததை மட்டும் மாற்றச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். சில மாதங்களில் அதே சக்கரத்தில் அதே குறை திரும்பவும் தோன்றும். பின்னர் ஒரு மழைநாளில், குறுக்கே ஓடிவந்த சிறுவனைக் கண்டு பிரேக்கை அழுத்தும் பொழுது, வண்டி நேரே நில்லாமல் ஒருபுறமாக இழுத்துச் செல்லும். அந்த ஒரு கணத்தில் என்ன நேரும் என்பதை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மாணவ நண்பர்களே, இந்தக் குறைக்கு ஒரு நெடிய சரித்திரம் உண்டு. ஒரு காலின் விசையை நான்கு சக்கரங்களுக்கும் எவ்வாறு பங்கிடுவது என்று மனிதன் அரை நூற்றாண்டுக் காலம் பட்ட பாடுதான் அந்தச் சரித்திரம்.

இரும்புப் பட்டை கட்டிய சக்கரங்களின் காலத்தில் மரக்கட்டை ஒன்றைப் பட்டையின்மேல் அழுத்தினால் போதுமாயிருந்தது. 1888-ஆம் ஆண்டில் டன்லப் என்பவர் காற்றடைத்த ரப்பர் டயருக்கு உரிமை பெற்றார். அத்தகைய டயரின்மேல் கட்டையை அழுத்தினால் முதலில் அழிவது டயரே. ஆகவே பிரேக்கு சக்கரத்தின் நடுவுக்குக் குடிபெயர்ந்தது. 1902-இல் பிரான்சு நாட்டு லூயி ரெனோ, சக்கரத்தோடு சுழலும் டிரம் ஒன்றினுள் பிறை வடிவான இரண்டு ஷூக்களை அமைத்து, அவை உள்ளிருந்து விரிந்து டிரம்மைப் பற்றுமாறு செய்தார். இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். சக்கரம் சுழலும் திசையிலேயே விரியும் ஷூவை, உராய்வு தானே டிரம்மின்மேல் மேலும் இறுக்குகிறது. எதிர்ப்புறத்து ஷூவையோ அதே உராய்வு விலக்கப் பார்க்கிறது. எனவே முதல் ஷூ மிகுதியாக உழைக்கிறது, மிகுதியாகத் தேய்கிறது. ஒரே டிரம்முக்குள் இருக்கும் இரு லைனிங்குகளும் ஒத்துத் தேயவில்லையே என்று எவரும் பதற வேண்டுவதில்லை, அஃது இயற்கை. இடச் சக்கரத்துக்கும் வலச் சக்கரத்துக்கும் இடையே வேறுபாடு காணப்பட்டால்தான் அது நோய்.

லைனிங் செய்யும் பொருளுக்கும் ஒரு கதை உண்டு. இங்கிலாந்தில் ஹெர்பர்ட் புரூட் என்பவர், குடியானவர்கள் தம் வண்டியின் பிரேக் கட்டையில் பழைய ஜோட்டுத் தோலை வைத்து அடித்திருப்பதைக் கண்டு, 1897-இல் இத்தொழிலில் இறங்கினார். பின்னர் வெப்பம் தாங்கும் பொருட்டு அஸ்பெஸ்டாஸ் என்னும் கல்நார் இதில் புகுந்தது. அதன் தூசு நுரையீரலில் தங்கி மாளாத நோயை விளைவிக்கும் என்பது மெல்ல மெல்லத் தெளிவாயிற்று. 1999-இல் பிரிட்டன் கல்நாரை அறவே விலக்கியது. பழைய டிரம்மைத் திறந்தவுடன் வாயால் ஊதித் தூசு தட்டும் வழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. அதனை இன்றே கைவிட வேண்டும். ஈரத் துணியால் துடைப்பதே முறை.

இனிப் பிக்கப் வண்டிக்கு வருவோம். 1925-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனியார், தம் மாடல் டி காரின் பின்புறத்தில் சரக்குப் பெட்டி ஒன்றைத் தொழிற்சாலையிலேயே பொருத்தி 281 டாலருக்கு விற்றனர். அதன் கால் பிரேக்கு எந்தச் சக்கரத்திலும் இல்லை. கியர்ப் பெட்டிக்குள் இருந்த ஒரு பட்டையே பிரேக்கு. அந்தத் தடுப்பு விசை டிஃபரன்ஷியல் வழியாகப் பின்சக்கரங்கள் இரண்டுக்கும் தானே சமமாகப் பிரிந்து சென்றது. பங்கீட்டுச் சண்டைக்கு அங்கே இடமில்லை. ஆனால் இடையில் ஓர் அச்சு முறிந்தால் அந்தப் பிரேக்கு போயே போயிற்று. முன்சக்கரங்களுக்கோ கால் பிரேக்கே கிடையாது.

1927-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த மாடல் ஏ வண்டியில் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக்கு வந்தது. அதனோடு துன்பமும் வந்தது. மிதியிலிருந்து ஒவ்வொரு சக்கரத்துக்கும் இரும்புக் கம்பி ஓடியது. ஒரு கம்பியின் மூட்டு சற்றே தேய்ந்தாலும், திருகு அரைச் சுற்று தளர்ந்தாலும், அந்தச் சக்கரம் சோம்பிவிடும். எதிர்ச் சக்கரம் அதன் வேலையையும் சுமந்து தேயும். நான்கையும் ஒத்திசையச் செய்வது வீணைக்குச் சுருதி கூட்டுவதற்கு நிகரான வேலை.

இதற்குப் பரிகாரம் வேறொருவர் ஏற்கெனவே கண்டிருந்தார். அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்று பாஸ்கல் என்னும் பிரெஞ்சு அறிஞர் 17-ஆம் நூற்றாண்டிலேயே கண்டு கூறினார். பள்ளிக்கூடத்தில் நீங்கள் படித்த விதிதான். கம்பியை எடுத்துவிட்டுக் குழாயில் திரவத்தை அடைத்து, அந்த விதியைப் பிரேக்குக்குப் பயன்படுத்தி 1917-இல் உரிமை பெற்றவர் மால்கம் லாக்ஹீட். விமானம் கட்டிய லாக்ஹீட் சகோதரர்களில் ஒருவர். 1921-இல் டூசன்பர்க் காரிலும், 1924-இல் கிரைஸ்லர் காரிலும் அது இடம்பெற்றது. ஹென்றி ஃபோர்டு மட்டும் இரும்பையே நம்பினார். 1939-ஆம் ஆண்டு மாடலில்தான் அவருடைய வண்டிகள் திரவப் பிரேக்குக்கு மாறின. அவரது பிடிவாதத்தை எள்ளி நகைப்பது எளிது. ஆனால் தொடக்கக் காலத் திரவப் பிரேக்குகள் தோல் வளையங்கள் வழியாகக் கசிந்தன என்பதையும் நாம் மறத்தலாகாது.

இத்துடன் சிக்கல் தீர்ந்தது என்றே பலர் எண்ணினர். தீரவில்லை. ஏன்? பாஸ்கலின் விதி அழுத்தும்போது சமநீதி வழங்குகிறது. காலை எடுத்த பிறகு அதற்கு வேலையில்லை. டிரம்மில் ஷூக்களைத் திரும்ப இழுப்பவை சுருள்வில்கள். 1953-இல் லீ மான் பந்தயத்தில் ஜாகுவார் காருக்கு வெற்றி தேடித்தந்து புகழ்பெற்ற டிஸ்க் பிரேக்கிலோ, பிஸ்டனைப் பின்வாங்கச் செய்வது பெரும்பாலும் அதைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தின் நெகிழ்ச்சி ஒன்றே. ஆகவே இன்றைய வண்டிகளில் லைனிங்கோ பேடோ ஏறுமாறாகத் தேய்ந்தால், அது பற்றிய கதையை மட்டும் ஆராய்ந்து பயனில்லை. பற்றியது விட்டதா என்பதையும் ஆராய வேண்டும்.

தேய்ந்த பேடு அதைத் தெளிவாகவே சொல்லும். இன்றைய பிக்கப் வண்டிகள் பலவற்றில் முன்னே டிஸ்க்கும் பின்னே டிரம்மும் இருக்கும். முன் காலிப்பர் இரண்டு ஊசிகளின்மேல் வழுக்கி நகர்வது. உட்புறப் பேடு மட்டும் தேய்ந்திருந்தால் பிஸ்டன் துருவேறித் திரும்ப மறுக்கிறது என்றோ, ஊசிகள் இறுகிக் காலிப்பர் நகரவில்லை என்றோ ஐயுறலாம். பேடு ஆப்புப்போல் சரிவாகத் தேய்ந்திருந்தால் ஓர் ஊசி மட்டும் சிக்கியிருக்கக்கூடும். சேற்றிலும் ஓடையிலும் இறங்கி ஏறும் வண்டிகளுக்கு இது மிகுதி. ஊசியைக் கழற்றித் துரு நீக்கி, அதற்கென்றே உள்ள சிலிக்கோன் கிரீஸ் இடவேண்டும். சாதாரணக் கிரீஸ் ரப்பரை உப்பச் செய்யும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவது. ஈரம் உள்ளே துருவை வளர்க்கும். ஆதலால் இரண்டாண்டுக்கு ஒருமுறை அதனை மாற்றிவிடுவது நன்று.

பின்புறத்துக்குத் தனி வழக்கு ஒன்றுண்டு. வெற்றுப் பெட்டியோடு செல்லும்போது பின்சக்கரத்தில் சுமை குறைவு; அங்கே முழு அழுத்தம் கொடுத்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கும். அதற்காகப் பல வண்டிகளில், சரக்கின் பளுவால் பெட்டி தாழ்வதை ஒரு நெம்புகோலால் அறிந்து அழுத்தத்தைக் கூட்டும் வால்வு ஒன்றை வைத்திருக்கிறார்கள். அதிகச் சரக்கு ஏற்றும் ஆசையால் சிலர் பட்டைவில்லில் கூடுதல் பட்டைகளைச் சேர்த்துவிடுகிறார்கள். பெட்டி தாழ்வதில்லை, வால்வு, வண்டி காலியென்றே நம்புகிறது. பின் பிரேக்கு சோம்ப, முன்பேடுகள் விரைந்து தேய்கின்றன. குற்றம் ஓரிடம்; தேய்மானம் வேறிடம்.

இட வலச் சக்கரங்களுக்கிடையிலும் இவ்வாறு நிகழ்வதுண்டு. தேய்ந்த சக்கரமே குற்றவாளியா, அல்லது எதிர்ச் சக்கரத்தின் சோம்பலைச் சுமந்த அப்பாவியா என்பதை எப்படி அறிவது? பிரேக்கைக் கூடியவரை மிதியாமல் சில மைல் ஓட்டி, தானே மெல்ல நிற்க விட்டு, சக்கரங்களின் அருகே கையைக் கொண்டுசென்று வெப்பத்தை ஒப்பிட வேண்டும், தொடுதல் கூடாது. தேய்ந்த சக்கரம் மட்டும் அனலாயிருந்தால் அதன் பிரேக்கு விடாமல் உரசுகிறது. எல்லாம் ஒத்துக் குளிர்ந்திருந்தால் எதிர்ச் சக்கரத்தைச் சோதிக்க வேண்டும். அனலாயிருந்த சக்கரத்தை உயர்த்திச் சுழற்றினால் சுழலாது. அப்போது காற்று நீக்கும் திருகைச் சற்றே தளர்த்துவார் அனுபவமுள்ள மெக்கானிக். ஆயில் சீறிப் பாய்ந்து, சக்கரம் உடனே விடுபட்டுச் சுழன்றால், பிஸ்டன்மீதும் ஊசிமீதும் பழியில்லை. வெளியே பளபளவென்று புதிதுபோல் தோன்றும் அந்த ரப்பர் ஹோஸ் உள்ளே உப்பி அடைத்துக்கொண்டு, சென்ற ஆயிலைத் திரும்ப விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. அதன் இணையான மறுபக்கத்து ஹோஸையும் சேர்த்தே மாற்றுவார்; இரண்டும் ஒரே வயதினவல்லவா?