வாடிவீட்டில் ஐப்பசி மழை

மலைநாட்டுத் தடங்கள் – 17

கண்டி அரசர்களுக்கு அகலமான சாலை என்றால் ஆகாது. போடத் தெரியாமல் அல்ல, போடக் கூடாது என்பதே அவர்களுடைய பாதுகாப்புக் கொள்கை. காடுதான் கோட்டை. மலைதான் மதில். ஒற்றையடிப் பாதைதான் வாசல். பாதை குறுகும் இடங்களில் முட்படல் கட்டிக் காவல் வைத்தார்கள். 1660 முதல் 1679 வரை கண்டி நாட்டில் கைதியாக இருந்த ஆங்கில மாலுமி ராபர்ட் நாக்ஸ் இந்த முட்கதவுகளைப் பற்றி எழுதியிருக்கிறார். போர்த்துக்கேயர் ஏறி வந்தார்கள், ஒல்லாந்தர் ஏறி வந்தார்கள், 1803-ல் ஆங்கிலேயரும் ஏறி வந்தார்கள். மழையும் காய்ச்சலும் பாதிப் பேரைத் தின்ன, மீதிப் பேரை மலைப்பாதையில் ஒளிந்திருந்தவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

1815 மார்ச் 2-ல் கண்டி ஒப்பந்தம் கையெழுத்தாகி நாடு ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. இரண்டே ஆண்டில் ஊவாவில் கலகம் வெடித்தது. அதை அடக்க ஆங்கிலேயருக்கு ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது. அந்த அனுபவத்திலிருந்து அவர்கள் எடுத்த முடிவு, இந்த நாட்டைப் பிடிப்பது வேறு, வைத்திருப்பது வேறு என்பது. வைத்திருக்க வேண்டுமானால் பீரங்கி வண்டி உருளும் அளவுக்குச் சாலை வேண்டும். அந்த வேலையைக் கையில் எடுத்தவர் எட்வர்ட் பான்ஸ். 1820-ல் பதில் ஆளுநராக இருந்தபோதே கொழும்பு–கண்டிச் சாலையைத் தொடங்கிவிட்டார். கடுகண்ணாவை ஏற்றத்தில் ஒரு பகுதியை வெட்டும் பொறுப்பு தோமஸ் ஸ்கின்னர் என்ற பையனிடம் வந்தது. 1804-ல் பிறந்தவர், அப்போது பதினாறு வயது. சாலை போடும் தொழில் பற்றி ஒன்றும் தெரியாமல் இறங்கி, கடைசியில் இந்தத் தீவின் சாலைகளுக்கெல்லாம் தலைவராகி 1867-ல் ஓய்வு பெற்றார். திட்டம் வகுத்த கப்டன் டோசன் சாலை முழுமையாவதைப் பார்க்காமலே 1829-ல் இறந்துபோனார். 1832-ல் அவருக்கு எழுப்பிய கோபுரம் கடுகண்ணாவையில் இன்றும் வெள்ளையாக நிற்கிறது. உள்ளே சுழன்று ஏறும் மரப்படிகள்.

சாலை வந்தது. ஆனால் கொழும்பிலிருந்து கண்டிக்கு எழுபத்திரண்டு மைல். குதிரைக்காரனுக்கும் பல்லக்குக்கும் மாட்டுவண்டிக்கும் அது ஒரு நாள் வேலை அல்ல. இருட்டினால் தங்க இடம் வேண்டும். ஒல்லாந்தர் கரையோரத்தில் தங்கள் அதிகாரிகளுக்காக ஓய்வு விடுதிகள் கட்டி வைத்திருந்தார்கள். ஆங்கிலேயர் அதே வழக்கத்தைக் காட்டுக்குள் கொண்டுபோனார்கள். தமிழ்நாட்டு வாசகர்கள் பயணியர் விடுதி என்று சொல்வதைத்தான் இலங்கைத் தமிழில் வாடிவீடு என்கிறோம். கண்டிச் சாலையில் அம்பேபுஸ்ஸ வாடிவீடு 1828-ல் எழுந்தது என்பார்கள். நாட்டிலேயே பழையது என்ற பெயரும் அதற்கு உண்டு. 1832-ல் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே தபால் வண்டி ஓடத் தொடங்கியதும், குதிரை மாற்றவும் கொள்ளு போடவும் ஆள் இறங்கிச் சாப்பிடவும் இத்தகைய இடங்கள் இல்லாமல் முடியாது என்றாகிவிட்டது.

வாடிவீட்டின் அமைப்பு எளிமையானது. நடுவில் சாப்பாட்டு அறை, இரு பக்கமும் படுக்கை அறைகள், முன்னால் நீண்ட விறாந்தை, பின்னால் சற்றுத் தள்ளிக் குசினி. கட்டில், மேசை, நாற்காலி எல்லாம் அரசாங்கச் சொத்து. அவற்றைப் பார்த்துக்கொண்டு சமைத்துப் போட்டு, சுவரில் தொங்கும் விலைப்பட்டியல்படி காசு வாங்குவது வாடிவீட்டுக்காரர் வேலை. அரசாங்க வேலையாக 'சர்க்கிட்' வந்த அதிகாரிக்கு முதலிடம், மற்றவர்களுக்கு மிச்சம். விருந்தினர் பெயர் எழுத ஒரு பதிவேடு. அதிலேயே கோழி வேகவில்லை, கட்டிலில் மூட்டை என்று முறைப்பாடும் எழுதலாம். மேலே இருப்பவர் எப்போதாவது வந்து படிப்பார் என்ற பயத்தில்தான் வாடிவீட்டுக்காரரின் பிழைப்பு நடந்தது.

கோழி என்றதும் ஒன்று. ஆங்கிலேய இந்தியாவின் பங்களாக்களில் பரிமாறிய கோழிக்குத் 'திடீர்ச் சாவு' என்று வெள்ளைக்காரர்கள் வைத்த கேலிப் பெயர் அக்காலச் சொற்களஞ்சியத்திலேயே ஏறியிருக்கிறது. பயணி வாசலில் குதிரையை விட்டு இறங்கும்போது முற்றத்தில் மேய்ந்துகொண்டிருக்கும் கோழி, அவர் குளித்து உடை மாற்றி வருவதற்குள் மேசையில் இருக்கும். இலங்கை வாடிவீடுகளிலும் இதே கதைதான். இதைச் சிரிப்பாக எழுதியவர்கள் ஒன்றை யோசிக்கவில்லை. யார் வருவார், எத்தனை பேர் வருவார், எப்போது வருவார் என்று எந்தத் தகவலும் இல்லாத இடத்தில், பனிப்பெட்டி இல்லாத காலத்தில், கெடாமல் வைக்கக்கூடிய ஒரே இறைச்சி உயிரோடு நடமாடும் கோழிதான்.

மேனாட்டுப் புத்தகங்களில் இலையுதிர் காலம் என்று வரும் மாதங்களில் கண்டியில் இலை ஒன்றும் உதிராது. மழை பொழியும். ஐப்பசியில் காலை வெயில் பளீரென்று அடிக்கும். நடுப்பகலுக்குப் பின் மலைக்குப் பின்னால் மப்புக் கட்டும். பின்னேரம் இடியோடு கொட்டும். கார்த்திகை முடியும்போது வடகீழ்ப் பருவமழை வந்து பகலிரவு பாராமல் பிடித்துக்கொள்ளும். வாடிவீட்டுக்காரருக்கு வருடத்தின் மிகக் கடினமான காலம் இதுதான். விறகு ஈரமானால் குசினி முழுக்கப் புகை. மெத்தையும் தலையணையும் பூஞ்சணம் பிடிக்கும். வரும் ஆள் ஒவ்வொருவரும் தொப்பலாக நனைந்து, காலில் அட்டையோடு, பசியோடு, கோபத்தோடு வருவார். அவர் உடுப்பைக் காயவைக்க வேண்டும், குதிரையைத் துடைக்க வேண்டும். பேராதனையில் முதிரை மரத்தால் ஒற்றை வளைவில் பாலம் கட்டியது 1830களின் தொடக்கத்தில்தான். அதற்கு முன் மகாவலி பெருகினால் ஓடம் நின்றுவிடும். ஓடம் நின்றால் ஒரு நாள் விருந்தாளி மூன்று நாள் விருந்தாளி ஆகிவிடுவார். அரிசி மூட்டையும் கோழிக் கூடும் அதற்கேற்ப நீளாது.

அந்தச் சாலையின் மழைக்காலம் இன்றும் மாறவில்லை. 2025 நவம்பரில் 'டித்வா' புயல் வந்தபோது கண்டி மாவட்டம் மண்சரிவுகளில் பட்ட பாட்டை நாம் எல்லோரும் பார்த்தோம். மலையை அறுத்துச் சாலை போட்டவன் ஒவ்வொரு கார்த்திகையிலும் மலைக்குக் கணக்குச் சொல்லியே ஆக வேண்டியிருக்கிறது.

இனி, வாடிவீட்டுப் பதிவேட்டில் பெயர் ஏறாதவர்கள்.

கோப்பி பழுத்து நிற்பதும் இதே மாதங்களில்தான். 1824-ல் கம்பளைக்குப் பக்கத்தில் சிங்காபிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் தோட்டம் போட்டார். ஆளுநர் பான்ஸே பேராதனைக்கு அருகே கன்னொறுவையில் கோப்பி நட்டார். 1840களில் கண்டியைச் சுற்றிய காடெல்லாம் கோப்பியாயிற்று. பறிக்க ஆள் வேண்டும். தஞ்சாவூர், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கத்திலிருந்து கங்காணி கூட்டி வர, தோணியில் மன்னார்க் கரை இறங்கி, வன்னிக் காட்டையும் தம்புள்ளையையும் நாலந்தாவையும் கடந்து மாத்தளைக்கு ஏறி வந்தார்கள். ஏறத்தாழ நூற்றைம்பது மைல், கால்நடையாக. கோப்பிக் காலத்துக்கு வந்து, பறிப்பு முடிந்ததும் திரும்பிப் போகும் நடை அது. ஆகவே அவர்கள் காட்டைக் கடந்த காலமும் மழைக்காலத்தை ஒட்டியே அமைந்தது. வாந்திபேதி, மலேரியா, பசி. 1840களில் வழியிலும் தோட்டத்திலும் மடிந்தவர்கள் எழுபதாயிரம் பேர் என்று அக்காலப் பத்திரிகைக் கணக்கு ஒன்று உண்டு. வரலாற்றாசிரியர்கள் அந்த எண்ணைக் குறைத்தும் கூட்டியும் வாதாடுகிறார்கள். எண் எதுவானாலும், மேசைக்கோழி சரியாக வேகவில்லை என்று முறைப்பாடு எழுத ஒரு புத்தகம் இருந்த அதே நாட்டில், வழியில் விழுந்தவனின் பெயரை எழுத ஒரு புத்தகம் இருக்கவில்லை.

இவர்கள் வாடிவீட்டு விறாந்தையில் ஏற முடியாது. இவர்களுக்கு மரத்தடி, கிடைத்தால் அம்பலம். அம்பலம் சிங்கள கிராமங்களின் பழைய தர்மம். நான்கு பக்கமும் திறந்த கூரை, உட்கார ஒரு மேடை, அவ்வளவே. காவலர் இல்லை, கட்டணம் இல்லை. வழிப்போக்கன் யார் என்று யாரும் கேட்பதில்லை. கடுகண்ணாவையில் சாலையோரமாக அப்படியொரு பழைய அம்பலம் இன்னும் இருக்கிறது. நம்மூர்ச் சத்திரத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அதன் எளிமை ஏமாற்றமாக இருக்கும். எனக்கு என்னவோ, கண்டிச் சாலையின் கட்டடங்களில் அதுதான் பிடிக்கும். (மலையாள எழுத்தாளர் எம்.டி. வாசுதேவன் நாயரின் ஒரு கதைத் தலைப்பில் கடுகண்ணாவையின் பெயர் இருக்கிறது. அவருடைய தகப்பனார் இலங்கையில் வேலை பார்த்தவர். நமது இலக்கியம் இந்த ஏற்றத்தை இன்னும் கொஞ்சம் கவனித்திருக்கலாம்.)

சாலை யாருடைய முதுகில் போடப்பட்டது என்பதும் கவனிக்க வேண்டியது. 1848-ல் ஆளுநர் டொரிங்டன் கொண்டுவந்த சட்டம், வயது வந்த ஆண் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆறு நாள் சாலை வேலை செய்ய வேண்டும், இல்லையேல் மூன்று ஷில்லிங் கட்ட வேண்டும் என்றது. அந்த ஆண்டு ஜூலையில் மாத்தளையில் கலகம் மூண்டதற்கு இதுவும் ஒரு காரணம். கலகத்தின் தலைவர்களில் ஒருவரான புரன் அப்பு ஆகஸ்டில் கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ரயில் வந்ததும் கண்டிச் சாலை வாடிவீடுகளின் மவுசு குறைந்தது. 1864 டிசம்பரில் முதல் ரயில் அம்பேபுஸ்ஸ வரை ஓடியது. 1867-ல் கண்டியைத் தொட்டது. இரண்டு நாள் பயணம் ஒரு பகலாகச் சுருங்க, வழியில் இரவு தங்குவோர் அருகினார்கள். அதன் பிறகு வாடிவீட்டின் உண்மையான உலகம் ரயில் போகாத உயரங்களுக்கு ஏறியது.

அந்த உயரத்து வாடிவீடுகளில் ரயிலுக்கு முன்பிருந்தே வேட்டைக்காரர்கள்தான் நிரந்தர விருந்தாளிகள். ஆயிரத்து நானூறு யானைகளுக்கு மேல் சுட்டதாகப் பெயர் எடுத்த மேஜர் ரொஜர்ஸ் 1845 ஜூனில் அப்புத்தளைப் பக்கத்து வாடிவீட்டில் மின்னல் தாக்கி மாண்டார். யானைகளின் சாபம் என்று ஊர் பேசியது. மழை விட்டதா என்று வெளியே எட்டிப் பார்த்தவர் மேல் விழுந்தது என்பது கதை.

1882 பெப்ரவரியில் ஜெர்மானிய உயிரியலாளர் ஏர்ன்ஸ்ட் ஹெக்கல், பேராதனைத் தாவரத் தோட்டத்தின் அன்றைய இயக்குநர் ட்ரைமனோடு ஹோர்ட்டன் சமவெளிக்குப் போய் அங்கிருந்த வாடிவீட்டில் தங்கினார். கடல் மட்டத்திலிருந்து இரண்டாயிரம் மீற்றருக்கு மேலே, புல்வெளியும் பாசி மூடிய குள்ளக் காடும் குளிரும். அவர் தெற்கே வெலிகமவில் தங்கியபோது அங்கிருந்த வாடிவீட்டுக்காரரின் முகம் கிரேக்கத் தத்துவஞானி சோக்கிரத்தீஸ் சிலை போலிருந்ததால் அவரை அப்படியே அழைத்தார். உலகப் பயண இலக்கியத்தில் இடம் பிடித்த ஒரே இலங்கை வாடிவீட்டுக்காரர் அவராகத்தான் இருக்கும். அவருக்கும் சொந்தப் பெயர் கிடைக்கவில்லை, பட்டப்பெயர்தான் கிடைத்தது.

அந்தச் சமவெளிக் காடு பிழைத்ததே பேராதனையின் புண்ணியம். அங்கே நெடுங்காலம் பணியாற்றிய த்வெயிற்ஸ் காடழிப்பைப் பற்றிக் கவலைப்பட்டு எழுத, லண்டன் கியூ தோட்டத்து ஜோசப் ஹூக்கர் பரிந்துரைக்க, 1873-ல் ஐயாயிரம் அடிக்கு மேல் காட்டை வெட்டக் கூடாது என்ற கொள்கை வந்தது. கோப்பித் துரைகளுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் கண்டியைச் சுற்றி ஓடும் மகாவலியின் தலைநீர் இந்த மலைகளில்தான் ஊறுகிறது. மேலே காடு போயிருந்தால் கீழே பேராதனைப் பாலத்துக்கே வேலை இருந்திருக்காது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டத்துரை தோமஸ் ஃபார் அந்தச் சமவெளியில் வேட்டை விடுதி கட்டினார். 'ஃபார் இன்' என்று அவர் பெயரே நிலைத்தது. வேட்டைக்காரரான அவர்தான் வனவிலங்குப் பாதுகாப்பிலும் முன்னின்றார். 1894-ல் தொடங்கிய வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தில் அப்படி நிறையப் பேர் இருந்தார்கள். சுடுவதற்கு மிருகம் மிஞ்ச வேண்டும் என்ற கவலையில் பிறந்த சங்கம், பிறகு நாட்டின் வனவிலங்குச் சங்கமாயிற்று. ஃபார் இன் பின்னாளில் வாடிவீடாக நடந்தது. ரயிலில் ஒஹியவில் இறங்கி, காட்டு வழியே நடந்து ஏறி வருபவர்களுக்கு அங்கே கணப்பும் சூடான சாப்பாடும் காத்திருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அங்கே கண்டியைப் போல் பின்னேரம் வரை காத்திருக்க வேண்டியதில்லை. காலையிலேயே மூடுபனி முற்றத்தில் வந்து நிற்கும். உலக முடிவுப் பள்ளத்தாக்கைப் பார்க்கவென்று அவ்வளவு தூரம் ஏறி வந்தவர், வெள்ளைச் சுவர் ஒன்றைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். பிறகு கோபம் முழுவதும் சமையல்காரர் மேல்தான் விழும்.

1988-ல் ஹோர்ட்டன் சமவெளி தேசியப் பூங்காவானது. 2010-ல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலிலும் ஏறியது. ஃபார் இன்னில் இப்போது யாரும் தங்குவதில்லை. அது பார்வையாளர் நிலையம். அம்பேபுஸ்ஸ வாடிவீடு ஹோட்டலாகி, கண்டிக்குப் போகும் பஸ்களும் வேன்களும் நின்று சோறும் கறியும் வாங்கும் இடமாயிருக்கிறது. மற்ற வாடிவீடுகள் சிலவற்றை உள்ளூராட்சி மன்றங்கள் டெண்டர் போட்டுக் குத்தகைக்கு விடுகின்றன. குத்தகை எடுத்தவர் ஐப்பசியில் கூரை ஒழுக்கை அடைக்கும் செலவு யாருடையது என்று மன்றத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்.

(அடுத்த வாரம்: மாத்தளைக்கு நடந்தவர்கள் – கங்காணியின் பற்றுச்சீட்டும் துண்டுக் கடனும்)