ஜமாஅத் விசாரணையில் தீர்த்துவிட முடியாத குற்றம்

ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனை ஏழு ஆண்களுக்கு நடுவில் உட்காரவைத்து, "என்ன நடந்தது, பயப்படாமல் சொல்லு மகன்" என்று கேட்ட விசாரணை ஒன்றில் நானும் இருந்தேன். அப்போது எங்களூர்ப் பள்ளிவாசல் நிர்வாக சபையின் செயலாளர் நான். இஷாவுக்குப் பின்னர் கதவைச் சாத்திக்கொண்டு கூடினோம். ஓதிக்கொடுக்க வந்த ஒருவர் மீதான முறைப்பாடு அது. பிள்ளை இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வாப்பாவின் சேர்ட்டைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கியது. அந்த மனிதரை மறுநாள் சுபஹுக்கு முன்னரே பஸ் ஏற்றி அனுப்பிவைத்தோம். ஊரின் மானம் காப்பாற்றப்பட்டதாக நினைத்துக் கலைந்து சென்றோம். இரண்டு வருடங்களின் பின்னர் அவர் வேறொரு மாவட்டத்தில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பதாகக் கேள்விப்பட்டேன்.

அன்றிரவு நாங்கள் செய்த பிழைகளை அதன் பின்னர்தான் ஒவ்வொன்றாகத் தேடி அறிந்தேன். இதே நிலைமை நாளை இன்னோர் ஊருக்கும் வரலாம் என்பதால், தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலாவது, இது ஊர் பேசித் தீர்க்கக்கூடிய விடயமே அல்ல. 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் எமது தண்டனைச் சட்டக்கோவையில் 'பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம்' என்ற குற்றத்தைச் சேர்த்தது. 365ஆ பிரிவின் கீழ் வரும் இக்குற்றம் பதினெட்டு வயதுக்குட்பட்ட ஒருவருக்கு எதிராகச் செய்யப்பட்டால் 7 முதல் 20 வருடம் வரையான கடூழியச் சிறையும், தண்டப்பணமும், நட்டஈடும் உண்டு. பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளை சம்மதித்தது என்ற பேச்சுக்கு இதில் இடமில்லை. மத்தியஸ்த சபைக்குக்கூட இதனை விசாரிக்க அதிகாரம் கிடையாது. மத்தியஸ்த சபைக்கே இல்லாத அதிகாரம் பள்ளிவாசல் நிர்வாகத்துக்கு எங்கிருந்து வரும்?

எம்மவர்களில் பலர் அறியாத இன்னொன்றும் உண்டு. அந்தப் பிரிவு ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்று வேறுபாடு காட்டுவதில்லை. பெண் பிள்ளை என்றால் பதறுகின்ற நாம், பையன் என்றால் "வளர்ந்தால் மறந்துவிடுவான்" என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். இந்நாட்டில் இவ்விடயம் பகிரங்கமாகப் பேசப்பட்டதே ஆண் பிள்ளைகளால்தான். தென், மேல் மாகாணக் கடற்கரைகளில் வெளிநாட்டு உல்லாசப் பயணிகள் சிறுவர்களைச் சுரண்டியமை தொண்ணூறுகளில் பெரும் விவகாரமானது. 1996இல் சிறுவர் மருத்துவப் பேராசிரியர் ஹரேந்திர டி சில்வா தலைமையில் ஜனாதிபதி செயலணி ஒன்று அமைக்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாக 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தினால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை உருவானது. வெள்ளைக்காரன் செய்தபோது கொதித்தெழுந்த நாடு, வீட்டுக்குள்ளும் வகுப்பறைக்குள்ளும் நடப்பதைப் பேச இன்னும் தயங்குகிறது. எமது சமூகமும் அதற்கு விலக்கல்ல.

அந்த அதிகார சபையின் இலக்கம்தான் 1929. நாள் முழுவதும் இயங்கும், அழைப்பு இலவசம், தமிழிலும் பேசலாம், உங்கள் பெயரைச் சொல்லியே ஆகவேண்டும் என்றில்லை. முறைப்பாடு பதியப்பட்டதும் அது அதிகார சபையின் பிரதேச உத்தியோகத்தருக்கோ பொலிஸுக்கோ அனுப்பப்படும். தொலைபேசியில் பேச விருப்பமில்லாதவர்கள் பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைச் சந்திக்கலாம். பொலிஸ் நிலையத்தின் சிறுவர், மகளிர் பிரிவுக்கும் போகலாம்.

பொலிஸ் படியேறத் தயங்கும் பெற்றோர் பிள்ளையை நேராக அரசாங்க வைத்தியசாலைக்கே கொண்டுசெல்லலாம். அங்கிருந்து பொலிஸுக்கு அறிவிக்கப்படும், சட்ட வைத்திய அதிகாரியும் பரிசோதிப்பார். இங்கேதான் உம்மாமார் பாசத்தினால் ஒரு பிழை செய்கிறார்கள். பிள்ளையைக் குளிப்பாட்டி, உடுப்பைக் கழுவிப்போட்டுவிட்டு அழைத்து வருகிறார்கள். அதோடு தடயமும் போய்விடுகிறது. குளிப்பாட்டாமல், அணிந்திருந்த உடுப்பைக் கழுவாமல் கடதாசிப் பையில் இட்டு, முடிந்தளவு விரைவாகக் கொண்டுசெல்ல வேண்டும். சில நாட்கள் கடந்துவிட்டாலும் போகாமல் விடக்கூடாது.

பிள்ளையை மீண்டும் மீண்டும் சொல்லவைப்பதும் கொடுமைதான். 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சாட்சிய விசேட ஏற்பாடுகள் சட்டத்தின்படி, பிள்ளையின் முதல் வாக்குமூலத்தை வீடியோவில் பதிவுசெய்து நீதிமன்றத்தில் சமர்ப்பிக்க முடியும். பயிற்சி பெற்ற ஒருவர் தனியறையில் ஒரு தடவை கேட்க வேண்டியதை, நாங்கள் ஏழு பேர் மாறிமாறிக் கேட்டோம். வழக்குக்குப் போயிருந்தால், பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டது என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி வாதிட நாங்களே வழிசெய்து கொடுத்திருப்போம்.

வழக்குகள் இழுபடுவது உண்மை. மேல் நீதிமன்றம் போய் முடிவதற்குள் பிள்ளை வளர்ந்துவிடும். அந்த இடைவெளியில்தான் "வாபஸ் வாங்குங்கள், அவருக்கும் குடும்பம் இருக்கிறது" என்று பெரியவர்கள் வீடு தேடி வருகிறார்கள். பாதிக்கப்பட்டவரையோ சாட்சியையோ மிரட்டி முறைப்பாட்டை வாபஸ் பெறவைப்பது, பாதிக்கப்பட்டோர் மற்றும் சாட்சிகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தனியான குற்றம். 2015இல் வந்த அச்சட்டத்தின் இடத்தில் இப்போது 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது.

வட்ஸ்அப் விடயத்தில் நாம் எல்லோருமே குற்றவாளிகளாகக்கூடும். பிள்ளை ஒன்றின் ஆபாசப் படத்தை எடுப்பது, பரப்புவது மட்டுமல்ல, கையில் வைத்திருப்பதும் 286அ பிரிவின்படி குற்றம். 2 முதல் 10 வருடம் வரை சிறை. "எல்லோரும் எச்சரிக்கையாக இருங்கள்" என்று ஊர்க் குழுமத்தில் போடுகிறவருக்கும் இது பொருந்தும். அவ்வாறான ஒன்று வந்தால் வேறெவருக்கும் அனுப்பாமல் முறைப்பாடு செய்வதே வழி. பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெயரையோ, அடையாளம் தெரியக்கூடிய விபரத்தையோ பிரசுரிப்பது 365இ பிரிவின் கீழ் குற்றம். ஊர், பாடசாலை, வாப்பாவின் தொழில் என்று எல்லாவற்றையும் எழுதிவிட்டு முகத்தை மட்டும் மறைக்கும் எமது ஊடகங்களும் இதை ஒரு தடவை வாசிக்க வேண்டும்.

"ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பது நன்மையல்லவா?" என்று அன்றிரவு ஒருவர் கேட்டார். எவராலும் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. ஒருவர் தனக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில் செய்த பாவத்தை மறைப்பது வேறு, அடுத்தவரின் பிள்ளைக்கு இழைத்த அநியாயத்தை மறைப்பது வேறு. பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராக இருந்தாலும் நீதியில் நிலைத்து நில்லுங்கள் என்பதே சூரா அந்நிஸாவின் 135ஆம் வசனத்தின் கட்டளை. சூரா அந்நூரின் 58ஆம் வசனம், பருவமடையாத பிள்ளைகளும் மூன்று நேரங்களில் அனுமதி கேட்டே உள்ளே வரவேண்டும் என்கிறது. உடலுக்கும் அறைக்கும் ஒரு மறைப்பு உண்டு என்பதைச் சிறுவயதிலேயே கற்பிக்கும் இந்த மார்க்கத்தில் இருந்துகொண்டு, உடற்பாதுகாப்புப் பாடத்தை 'மேற்கத்தேயக் கலாசாரம்' என்று மறுப்பது எனக்கு விளங்கவில்லை.

கெடுத்தவனுக்கே நிக்காஹ் செய்துவைத்து மூடிவிடுவதும் நடக்கிறது. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் குறைந்தபட்ச வயதைக் குறிப்பிடவில்லை. பன்னிரண்டுக்குக் குறைந்தால் காதியின் அனுமதி வேண்டும் என்று மட்டுமே சொல்கிறது. 2009இல் நியமிக்கப்பட்ட நீதியரசர் சலீம் மர்சூப் குழு தனது அறிக்கையைக் கையளிக்க 2018 ஆனது. அந்த விவாதத்தில் யார் எந்தப் பக்கம் நின்றாலும், துஷ்பிரயோகம் செய்தவனிடம் பிள்ளையை ஒப்படைப்பதை நியாயப்படுத்த எவருக்கும் வாயிருக்காது என்று நம்புகிறேன்.

கடந்த வருடம் எங்கள் பள்ளிவாசலில் வுழூச் செய்யும் இடத்துக்கு மேலே 1929 என்று எழுதிய பலகையொன்றை மாட்டினேன். யாரோ கழற்றிவிட்டார்கள். திரும்பவும் மாட்டினேன், அதுவும் போனது. மூன்றாவது தடவை நான் போவதற்கு முன்னரே அது மாட்டப்பட்டிருந்தது. விசாரித்தபோதுதான் தெரிந்தது, அந்தச் சிறுவனின் வாப்பா ஆணியும் சுத்தியலும் கொண்டுவந்து தன் கையாலேயே அடித்திருக்கிறார்.