பாத்தூர் எரிமலையில் விடியல்

இந்தோனேசியாவின் பாலித் தீவில், கின்தாமணி என்னும் மலைப்பகுதிக்கு நாள்தோறும் விடியலுக்கு முன்பே நூற்றுக்கணக்கான பயணிகள் வந்து சேர்கிறார்கள். தீவின் தென்பகுதி விடுதிகளிலிருந்து பின்னிரவு இரண்டு, மூன்று மணிக்கே புறப்பட்டால்தான் நேரத்துக்கு வந்து சேர முடியும். அங்கே கூரை நீக்கிய ஜீப்புகள் காத்து நிற்கும். பெரும்பாலும் பழைய ஜப்பானிய வண்டிகள். புது வண்ணம் பூசிப் பளபளப்பாக வைத்திருப்பார்கள். ஓட்டுநரே வழிகாட்டி. இருட்டில் குலுங்கிக் குலுங்கி ஏறி, ஒரு மேட்டில் வண்டியை நிறுத்துவார். கிழக்கே கதிரவன் எழுவதைக் கண்டு களித்துவிட்டு, பிறகு கருநிறப் பாறைவெளியில் ஒரு சுற்றுச் சுற்றி வருவார்கள்.

அந்தக் கருநிறப் பாறைவெளிதான் நம் கட்டுரைக்குப் பொருள். படம் எடுத்துக்கொள்ளும் பயணிகளிற் பலர் அதை வெறும் கல்லாகவே காண்கிறார்கள். உண்மையில் அது தேதியிட்ட கல். அதன் ஒரு பகுதிக்கு அடியில் ஓர் ஊரும் அதன் கோயிலும் புதைந்து கிடக்கின்றன.

முதலில் இடத்தின் அமைப்பை அறிந்துகொள்வோம். பாத்தூர் மலையின் உயரம் 1,717 மீட்டர். எரிமலைகளுள் இது பெரிதன்று. ஆனால் இது நிற்பது ஒரு மாபெரும் பள்ளத்தின் நடுவில். பள்ளத்தின் வெளிவிளிம்பு நீளவாக்கில் 13.8 கிலோமீட்டர், குறுக்கே 10 கிலோமீட்டர். உள்ளே ஏறக்குறைய வட்டமாக, 7.5 கிலோமீட்டர் குறுக்களவுள்ள இரண்டாவது பள்ளம் இருக்கிறது. அதன் ஒரு பக்கத்தில் பிறை வடிவில் ஓர் ஏரி. இத்தகைய பள்ளத்தைப் புவியியலார் கால்டெரா என்பர். கொப்பரை என்று பொருள்படும் ஸ்பானியச் சொல் அது. நாமும் பெருங்கொப்பரை என்றே சொல்லலாம்.

பெருங்கொப்பரை எவ்வாறு உண்டாகிறது? வெடித்துச் சிதறியதால் குழி விழுந்தது என்று பலர் எண்ணுவர். அது முழு உண்மையன்று. நெற்குதிரின் அடிவாயைத் திறந்துவிட்டால், நெல் வெளியேற வெளியேற மேற்பரப்பு குழிந்து இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். எரிமலைக்கு அடியில் உள்ள பாறைக்குழம்பு பெருமளவில் வெளியேறிவிட்டால், மேலே உள்ள மலை தாங்குவதற்கு ஒன்றும் இல்லாமல் உள்ளே அமிழ்கிறது. பாத்தூரில் இவ்வாறு இருமுறை நிகழ்ந்தது. கரிமக் காலக்கணிப்பின்படி முதற் பேரெழுச்சி சுமார் 29,300 ஆண்டுகளுக்கு முன்னும், இரண்டாவது சுமார் 20,150 ஆண்டுகளுக்கு முன்னும் ஏற்பட்டன. முதல்முறை வெளியேறிய பொருளின் அளவு 84 கன கிலோமீட்டர் என மதிப்பிட்டுள்ளனர். பாலித் தீவு முழுவதும் இதைச் சமமாகப் பரப்பினால் 14 மீட்டர் உயரம், அதாவது நான்கு மாடிக் கட்டடத்தின் உயரம் வரும்!

அந்தச் சாம்பலும் நுரைக்கல்லும் இறுகிய மென்பாறையைத்தான் பாலிச் சிற்பிகள் இன்றும் செதுக்குகிறார்கள். தம்பாக்சிரிங் அருகே, 11-ஆம் நூற்றாண்டில் ஆற்றங்கரைப் பாறையைக் குடைந்து செய்த குனுங் காவி நினைவுச் சின்னங்களும் இந்தப் பாறையில் அமைந்தவையே. இரண்டாவது பேரெழுச்சியின் படிவுக்கு அறிஞர்கள் அவ்விடத்தின் பெயரையே சூட்டிவிட்டனர்.

இரண்டாம் அமிழ்வுக்குப் பின் கொப்பரையின் நடுவே புதிதாக வளர்ந்த மலையே இன்றைய பாத்தூர். எழுத்தில் பதிவான முதல் எழுச்சி 1804-ஆம் ஆண்டினது. அதுமுதல் 2000-ஆம் ஆண்டுவரை இருபதுக்கு மேற்பட்ட முறை இது பொங்கியிருக்கிறது. இவ்வளவு அடிக்கடி பொங்கும் மலையின் அடிவாரத்தில், கொப்பரையின் உள்ளேயே, பாத்தூர் என்னும் ஊர் இருந்தது. அதில் ஒரு பெருங்கோயில். ஏரித் தெய்வமாகிய தேவி தனுவுக்கு உரியது.

ஏன் அங்கே போய்க் குடியிருந்தார்கள் என்று கேட்கத் தோன்றும். எரிமலைச் சாம்பல் மட்கிய மண் வளமானது என்பது ஒரு விடை. அதைவிட முக்கியமானது ஏரி. இந்த ஏரியிலிருந்து வெளியே ஓடும் ஆறு எதுவும் கிடையாது. நீர் துளைகள் நிறைந்த பாறைகளின் வழியே கீழே கசிந்து, தாழ்வான சரிவுகளில் ஊற்றுகளாக வெளிப்படுகிறது. தம் வயலுக்கு வரும் நீர் தேவி தனுவின் கொடை என்பது பாலி உழவர்களின் நம்பிக்கை. ஆகவே அவர்களது பாசனக் கூட்டமைப்புகள், 'சுபாக்' எனப்படுபவை, அறுவடையின் ஒரு பங்கைப் பாத்தூர்க் கோயிலுக்குக் காணிக்கை செலுத்தி வந்தன. எந்தச் சுபாக் எப்போது நீரைப் பெறுவது என்ற வழக்குகளும் அக்கோயிலில் பேசித் தீர்க்கப்பட்டன. கோயிலைக் காக்கும் ஊரார் எரிமலை என்பதற்காக இடம்பெயர்ந்துவிட முடியுமா?

1917 ஜனவரியில் பாலியைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. மலைச்சரிவுகள் பெயர்ந்து விழுந்ததால் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். தீவெங்கும் வீடுகளும் கோயில்களும் இடிந்தன. அதே ஆண்டில் பாத்தூரும் பொங்கியது. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பி, நிலநடுக்கத்தின் சேதம் முழுவதையும் எரிமலையின் கணக்கில் எழுதும் பயண நூல்கள் பல உள்ளன. உயிர்களைப் பெரும்பாலும் பறித்தது நிலநடுக்கமே. எரிமலைக் குழம்பு ஊரை நெருங்கி, கோயில் வாயிலோடு நின்றுவிட்டது என்பது ஊரார் வழிவழியாகச் சொல்லும் செய்தி. தெய்வம் காத்தது என்று நம்பி அவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். அவர்களைக் குறைகூற நமக்கு உரிமை இல்லை. ஒன்பது ஆண்டுகளுக்குள் மலை மறுபடி பொங்கும் என்பதை அந்நாளில் எந்த விஞ்ஞானியாலும் சொல்லியிருக்க முடியாது.

அந்நாளில் இந்தோனேசியா டச்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. 1919-இல் ஜாவாவின் கெலுத் எரிமலையில், உச்சியிலிருந்த ஏரி நீரும் சேறும் சேர்ந்து பாய்ந்து சுமார் 5,000 பேர் இறந்தனர். அந்த அதிர்ச்சிக்குப் பின் 1920-இல் எரிமலைகளைக் கண்காணிக்கத் தனித்துறை ஒன்று ஏற்படுத்தப்பட்டது. பாத்தூரைக் கெம்மர்லிங், ஸ்டெய்ன் ஆகிய புவியியலார் ஆராய்ந்தனர். 1926-ஆம் ஆண்டின் எழுச்சியைப் பற்றி நாம் ஓரளவு விரிவாக அறிவது ஸ்டெய்ன் எழுதிய ஆய்வினால்தான்.

1926 ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் மலையின் பக்கச்சரிவு பிளந்து குழம்பு வெளியேறத் தொடங்கியது. இம்முறை அது கோயில் வாயிலில் நிற்கவில்லை. வாயிலைக் கடந்தது, ஊரையும் மூடியது. ஆனால் உயிரிழப்பு மிகக் குறைவே. இதற்குக் குழம்பின் இயல்பே காரணம். பாத்தூரின் குழம்பு பசால்ட், ஆண்டிசைட் ஆகிய இரு வகைகளுக்கும் இடைப்பட்டது. சுமார் 1,000 டிகிரி செல்சியஸ் வெப்பத்துடன் வெளிவந்தாலும், மேற்பரப்பு விரைவில் குளிர்ந்து ஓடு கட்டிவிடும். உள்ளிருக்கும் குழம்பு தள்ளத் தள்ள, அந்த ஓடு நொறுங்கிக் கரடுமுரடான கட்டிகளாகி உருளும். இவ்வகைக் குழம்புக்கு 'ஆஆ' என்பது ஹவாய்த் தீவினர் இட்ட பெயர். வெறுங்காலால் மிதித்தவன் போடும் கூச்சல் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு! இது ஊர்ந்துவரும் வேகத்துக்கு மனிதன் நடந்தே தப்பிவிடலாம். வீட்டையும் கோயிலையும்தான் தூக்கிக்கொண்டு ஓட முடியாது.

எனினும் ஊரார் தூக்கக்கூடியதைத் தூக்கினார்கள். தெய்வத் திருவுருவங்களையும் கோயிலின் புனிதப் பொருள்களையும் சுமந்துகொண்டு கொப்பரைச் சுவரில் ஏறினர். அண்டை ஊரில் சிலகாலம் தங்கி, பின்னர் கொப்பரையின் விளிம்பிலேயே புதிய ஊரை அமைத்தனர். மலையை விட்டு விலகிச் செல்லவில்லை; அது கண்ணுக்குத் தெரியும் இடத்தில், குழம்பு ஏற முடியாத உயரத்தில் அமர்ந்தார்கள். கோயிலும் அங்கேயே மீண்டும் எழுந்தது.

அதன் பிறகும் மலை ஓயவில்லை. 1963 செப்டம்பர் முதல் 1964 மே வரை பெருமளவு குழம்பு வழிந்தது. 1968-இலும் 1974-இலும் மீண்டும் வழிந்தது. ஒன்றன்மேல் ஒன்றாகவும் ஒன்றன் அருகில் ஒன்றாகவும் பாய்ந்த இந்தக் குழம்புகளே இன்று ஜீப்புகள் ஓடும் கருவெளி. பழைய பாறையில் பாசிப்பூஞ்சையும் பெரணியும் பற்றி, பிறகு புல்லும் புதரும் வந்திருக்கும். புதிய பாறை இன்னும் கரியாகவே கிடக்கும். கூர்ந்து பார்க்கிறவர் தாவரங்களைக் கொண்டே முன்பின் சொல்லலாம்.

இத்தகைய நிலத்தில் சாதாரண மோட்டார் வண்டி ஏன் ஓடுவதில்லை? சாதாரண வண்டியில் இரண்டு சக்கரங்களுக்கு மட்டுமே எஞ்சின் ஆற்றல் செல்லும். அவற்றுள் ஒன்று எரிமலை மணலில் புதைந்தால் வண்டி நின்றுவிடும். ஜீப்பில் நான்கு சக்கரங்களுக்கும் ஆற்றலைச் செலுத்தலாம். தாழ்ந்த கியரில் வேகத்தைக் குறைத்து இழுப்பு விசையைப் பெருக்கலாம். இரண்டாம் உலகப்போருக்காக அமெரிக்கர் உருவாக்கிய வண்டியின் வழிவந்தவை இவை.

இனி விடியலைப் பார்ப்போம். பாலி நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே எட்டு டிகிரி தொலைவில்தான் இருக்கிறது. ஆகவே ஆண்டு முழுவதும் சூரியன் காலை ஆறு மணியையொட்டியே உதிக்கும். செங்குத்தாக எழுவதால் இருள் விலகி ஒளி பரவுவதும் விரைவில் நடந்துவிடும். இருபது நிமிடம் தாமதமாக வந்தால் காட்சி போயிற்று. ஒவ்வொரு கிலோமீட்டர் உயரத்துக்கும் வெப்பம் ஏறக்குறைய ஆறு டிகிரி குறைவதால், கடற்கரைக்கு ஏற்ற மெல்லிய சட்டையில் வந்தவர் நடுங்குவார். குளிர்ந்த காற்று கனமானது. அது கொப்பரைக்குள் இறங்கித் தேங்க, ஏரியின் ஈரம் பனிமூட்டமாகிறது. மேட்டில் நிற்பவருக்கு அது வெண்கடலாகத் தோன்றும்.

அந்த வெண்கடலுக்கு அப்பால் மூன்று மலைகள் தெரியும். அருகில் உள்ளது ஆபாங், 2,152 மீட்டர். பழைய மலை அமிழ்ந்தபோது எஞ்சிநின்ற விளிம்பின் உச்சி. அதன் பின்னால் ஏறக்குறைய 18 கிலோமீட்டரில் ஆகுங். 1963 மார்ச் 17-ஆம் நாள் ஆகுங் பெருவெடிப்புக்கு உள்ளாகி ஆயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொன்றது. பாத்தூரைப் போல் ஊர்ந்துவரும் குழம்பன்று அது. சரிவில் பாய்ந்திறங்கிய எரிமேகம். அதனிடமிருந்து ஓடித் தப்ப முடியாது. அது வானில் வீசிய கந்தகத் துகள்கள் உலகம் சுற்றிப் பரவின. தொலைதூர நாடுகளிலும் விடியலும் அந்தியும் வழக்கத்துக்கு மாறாகச் சிவந்தன; வெப்பம் சற்றுக் குறைந்தது. பாத்தூரில் செம்மை காணச் செல்கிறோம். ஆகுங் அந்தச் செம்மையை உலகுக்கே அனுப்பிவைத்தது எனலாம்.

வானம் தெளிவாக இருந்தால், 120 கிலோமீட்டர் தொலைவில் லொம்பொக் தீவின் ரின்ஜானியும் தெரியும். அதன் அருகே இருந்த சமலாஸ் என்னும் மலை 1257-இல் வெடித்தது. கிரீன்லாந்திலும் அண்டார்க்டிகாவிலும் பனிப்படலங்களில் அந்த ஆண்டையொட்டிக் கந்தகம் மிகுந்திருப்பதை ஆய்வாளர்கள் வெகுநாள் முன்பே கண்டிருந்தனர். எந்த எரிமலை என்பதுதான் புதிராக இருந்தது. 2013-இல் விடை கிடைத்தது. பனையோலைச் சுவடிகளில் எழுதப்பட்டிருந்த, மலை சரிந்து நகரம் அழிந்த கதையும் அதற்குத் துணைநின்றது. ஓலைச்சுவடியைக் கற்பனைக் கதை என்று ஒதுக்கிவிடாமல் படித்தது நல்லதாயிற்று.

பாத்தூர்க் கோயிலுக்கும் இதைப் போன்ற ஓர் அனுபவம் உண்டு. 1970-களில் அரசு புதிய நெல்லினங்களைப் புகுத்தி, இயன்றவரை அடிக்கடி பயிரிடும்படி உழவர்களைத் தூண்டியது. கோயில் வகுத்த முறைவைப்பு புறக்கணிக்கப்பட்டது. பூச்சிகளும் நீர்ப்பற்றாக்குறையும் பெருகின. அமெரிக்க மானிடவியலார் ஸ்டீபன் லான்சிங், சூழலியலார் ஜேம்ஸ் கிரெமருடன் சேர்ந்து கணிப்பொறியில் இதை மாதிரியாக்கிப் பார்த்தார். அடுத்தடுத்த வயல்கள் ஒரே காலத்தில் தரிசாகக் கிடந்தால் பூச்சிக்கு உணவு அற்றுப்போகிறது. எல்லோரும் ஒரே நாளில் நீர் கேட்டால் நீர் போதாது. இவ்விரண்டுக்கும் இடையே தக்க அளவைக் கோயில்முறை கண்டிருந்தது என்பது தெளிவாயிற்று.

2012-இல் பாத்தூர்ப் பெருங்கொப்பரையை யுனெஸ்கோ நிறுவனத்தின் உலகப் புவிப்பூங்கா வலையமைப்பில் சேர்த்தனர். இந்தோனேசியாவில் அந்தத் தகுதியைப் பெற்ற முதல் இடம் இதுவே. அதே ஆண்டில் சுபாக் நிலங்களும் பாத்தூர்க் கோயிலும் ஏரியும் உலக மரபுச் சின்னமாயின. இருந்தும் கொப்பரைக்குள் மணல் தோண்டி லாரிகளில் ஏற்றிச் செல்கிறார்கள். ஜீப்புச் சக்கரங்களும் மென்கட்டிகளை நாள்தோறும் அரைக்கின்றன. வண்டியோட்டிகள் பெரும்பாலும் சுற்றுவட்டார ஊர்க்காரர்கள். ஒரு காலத்தில் ஊரை விழுங்கிய பாறை இப்போது அவர்களுக்குச் சோறு போடுகிறது. ஆகவே 'ஓட்டாதே' என்று எழுதிவிடுவது எனக்கு எளிது, அவர்களுக்கு எளிதன்று. ஒரே தடத்தில் ஓட்டினால் சேதம் குறையும் என்பது மட்டும் தெளிவு.

காலை எட்டு மணியளவில் ஜீப்புகள் கொப்பரைச் சுவரில் ஏறித் திரும்புகின்றன. மேலே விளிம்பை ஒட்டிய நெடுஞ்சாலையில், 1926-க்குப் பின் எழுந்த புதிய பாத்தூர் ஊர் இருக்கிறது. அதன் கோயிலில் பதினோரு அடுக்குக் கூரையுடைய, 'மேரு' எனப்படும் கோபுரம் சாலையிலிருந்தே தெரியும். தேவி தனுவுக்குரிய அக்கோயிலுக்குச் சுபாக் உழவர்கள் இன்றும் காணிக்கை கொண்டுவருகிறார்கள்.