ஆவூர்ச் சுவாமியாரின் கொடுந்தமிழ்

 புதுக்கோட்டைச் சீமையின் வடமேற்கில் ஒரு பழைய மாதா கோயில் இருக்கிறது.  

விராலிமலை வட்டாரத்து ஆவூரை, ஈஸ்டருக்கு முன் நடக்கும் பாஸ்கா நாடகத்துக்கும் ஈஸ்டர் தேருக்கும் போனவர்கள் அறிவார்கள். அங்குள்ள பழைய கோயிலை பூஷே சுவாமியார் 1547இல் கட்டினார் என்று பல இடங்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த ஆண்டு சரியாக இருக்க வழியே இல்லை. பிரான்சில் பூஷே பிறந்ததே 1655இல். சேசு சபையின் மதுரை மிஷனைத் தொடங்கிய தத்துவ போதகர் மதுரைக்கு வந்தது 1606இல். சயாமில் 1688இல் புரட்சி வெடித்து பிரெஞ்சுக்காரர்கள் துரத்தப்பட்டபோது, அங்கிருந்து இங்கே வந்து சேர்ந்தவர் பூஷே. ஆகவே ஆவூர்க் கோயில் 17ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளுக்கு உரியது.

அதே ஆவூரில் பணி செய்தார் என்று ஊர் மரபு கொண்டாடும் இன்னொருவர் வீரமாமுனிவர். அவரைத் தேம்பாவணிப் புலவராகவே பார்த்துப் பழகிவிட்டோம். புதிதாகக் குருப்பட்டம் பெற்று, தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாமல் கப்பலேறிய இளைஞராக அவரைப் பார்ப்பதில்தான் எனக்கு ஆசை.

கொன்ஸ்தான்சோ பெஸ்கி என்ற இயற்பெயர் கொண்ட அவர் இத்தாலியின் காஸ்திலியோனேயில் 1680இல் பிறந்தவர். 1698இல் சேசு சபையில் சேர்ந்து, 1709இல் குருவானார். மறு ஆண்டே லிஸ்பனில் கப்பலேறி கோவாவில் இறங்கினார். 1711இல் மதுரை மிஷனுக்குள் வந்துவிட்டார். முப்பது வயதில், லத்தீனில் தத்துவமும் இறையியலும் கரைத்துக் குடித்த ஒருவர், அ ஆவிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

இவருக்கு முன்னால் வந்தவர்கள் பாதையை ஓரளவு செப்பனிட்டு வைத்திருந்தார்கள். கொச்சிச் சீமையில் அம்பழக்காடு என்ற ஊரில் சபைக்கு ஒரு குருமடம் இருந்தது. ஓரியூரில் 1693இல் வெட்டுண்டு இறந்த அருளானந்தரும், குருப்பட்டம் வாங்கிய 1673ஆம் ஆண்டிலேயே கப்பலேறி வந்து அங்கேதான் தமிழ் படித்தார். அந்தாம் டி புரோயென்சா தொகுத்த தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி அம்பழக்காட்டில்தான் 1679இல் அச்சேறியது. தொகுத்தவர் 1666லேயே இறந்துவிட்டார். வத்திக்கானில் கிடந்த அதன் பிரதியைத் தனிநாயக அடிகள் தேடிப் பிடித்து 1966இல் கோலாலம்பூரிலிருந்து மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். அவருக்கு நாம் பட்ட கடன் பெரிது.

அகராதி இருந்தால் போதுமா? அன்றைய ஓலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். குறில் எகர ஒகரத்துக்குப் புள்ளி வைக்க வேண்டும் என்பது தொல்காப்பியர் காலத்து விதி. ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும். அதனால் எழுதுகிறவர்கள் புள்ளியையே விட்டுவிட்டார்கள். எரி என்று எழுதியிருக்கும். அது நெருப்பா, நீர் நிற்கும் ஏரியா? கொல் என்றால் கொலையா, கையில் பிடிக்கும் கோலா? உள்ளூர்க்காரன் பேச்சுப் பழக்கத்தால் தாண்டிப் போய்விடுவான். வெளியூர்க்காரன் ஒவ்வொரு வரியிலும் முட்டி நிற்பான். பின்னாளில் ஏகார ஓகாரங்களுக்குத் தனி வடிவம் கொடுத்து, இரட்டைக் கொம்பைச் சுழித்துக் காட்டியவர் பெஸ்கி. படிக்க வந்த காலத்தில் முட்டி நின்ற அனுபவம்தான் அதைச் செய்ய வைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். அன்றைக்குப் பூசை லத்தீனில்தான். அதற்குத் தமிழ் வேண்டாம். பிரசங்கத்தைக்கூட உபதேசியார் ஒருவரை வைத்து ஒப்பேற்றிவிடலாம். பாவசங்கீர்த்தனத்துக்கு என்ன செய்வது? அங்கே நடுவில் ஆள் வைத்துக்கொள்ள யார்தான் விரும்புவார்கள்? “பக்கத்துக் காட்டுக்காரன் முறையில கம்மா மடையை ராத்திரி நான் தொறந்துட்டேன் சாமி” என்று ஒரு சம்சாரி முழங்காலில் நின்று முனகினால், கம்மா எது, மடை எது, முறை எது என்று சுவாமியாருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நன்னூலில் அந்தப் பேச்சு இல்லை. அகராதி புரட்டவும் அங்கே நேரமில்லை.

இதனால்தான் தேம்பாவணிக்கு மேலே நான் வைப்பது பேச்சுத் தமிழுக்குப் பெஸ்கி எழுதிய கொடுந்தமிழ் இலக்கணத்தை. தேம்பாவணி 36 படலம், 3,615 பாடல். அதை இயற்றியவர் சுப்பிரதீபக் கவிராயர், பாதிரியார் பெயர் போட்டுக்கொண்டார் என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். கவிராயர் அவருக்கு ஆசிரியராக இருந்தார் என்பது மரபு. அந்தப் பெருமை கவிராயருக்குப் போதும். செந்தமிழ்ச் செய்யுளின் இலக்கணத்தைத் தமிழில் தொன்னூல் விளக்கமாகவும் லத்தீனில் தனி நூலாகவும் எழுதிய மனிதருக்கு விருத்தம் பாட வராது என்பது நியாயமற்ற பேச்சு. அதேபோல, சந்தா சாகிபிடம் திவானாக இருந்தார், பல்லக்கில் போனார் என்று 1822இல் முத்துசாமிப் பிள்ளை எழுதிய சரித்திரம் சொல்கிறதே, அந்தத் திவான் பதவியையும் நான் நம்பவில்லை. அலங்காரம் போடப் போட, ஊர் ஊராகச் சுற்றிய பண்டாரசாமி மறைந்து போகிறார்.

கொடுந்தமிழ் இலக்கணம் லத்தீனில், தனக்குப் பின்னால் வரப்போகும் குருக்களுக்காக எழுதியது. புலவர் தமிழ் ஒன்று, வீட்டிலும் சந்தையிலும் பேசுவது வேறொன்று, இரண்டையும் தனித்தனியே படிக்க வேண்டும் என்று பிரித்து வைத்தார். நம் பண்டிதர்கள் பேச்சுத் தமிழை இலக்கணத்துக்குத் தகுதியில்லாதது என்று ஒதுக்கி வைத்திருந்த காலம் அது. சம்சாரியின் வாய்மொழிக்கும் விதி உண்டு என்று உட்கார்ந்து எழுதியது பெரிய மரியாதை. இன்றும் அதே பாடுதான், திசை மட்டும் மாறியிருக்கிறது. இந்தப் பக்கத்து இளம் குருக்கள் ஜெர்மனியின் பங்குகளில் பணியாற்றப் போய் முதலில் மொழி வகுப்பில் உட்காருகிறார்கள். ஏட்டு ஜெர்மன் கைக்கு வந்த பிறகும், பவேரியாவின் கிராமத்துக் கிழவி பேசுவதைப் பிடிக்கத் தனிப் பாடு பட வேண்டும்.

அந்த நூல் அச்சேறிய கதை இன்னும் விசேஷம். பெஸ்கிக்குத் தரங்கம்பாடி லுத்தரன்காரர்களோடு ஓயாத சண்டை. அவர்களை மறுத்து வேத விளக்கம், பேதகமறுத்தல், லுத்தேரினத்தியல்பு என்று வரிசையாக எழுதித் தள்ளினார். அவர்களும் சளைக்கவில்லை. ஆனால் அச்சகம் இருந்தது அவர்களிடம்தான். பெஸ்கி உயிரோடு இருக்கும்போதே, 1738இல், தங்கள் சொந்த அச்சகத்தில் அவருடைய கொடுந்தமிழ் இலக்கணத்தை அவர்களே அச்சிட்டு வெளியிட்டார்கள்.