நிலை பெயர்ந்த சுவர்கள்

1990 ஒக்டோபர் 30ஆந் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். சோனகதெருவில் அவர்கள் பூட்டிவிட்டு வந்த கதவுகள் நெடுநாள் பூட்டியபடி இருக்கவில்லை. 2002 ஏப்ரலில் ஏ9 வீதி திறந்தபின் பார்க்கப் போனவர்கள் கண்டவை கூரையும் கதவும் யன்னலும் அற்ற வெறுஞ்சுவர்கள்.

கதவு களவு போவது வேறு. நிலை களவு போவது வேறு. கதவைப் பிணைச்சலிலிருந்து கழற்றிவிடலாம். நிலையை எடுப்பதற்குச் சுவரை உடைக்க வேண்டும். ஏனெனில் நமது வழக்கில் சுவர் எழும்பிய பின் நிலை பொருத்தப்படுவதில்லை. நிலையை முதலில் நிறுத்தி, தூக்குக்குண்டு பிடித்து, முட்டுக் கொடுத்து, அதன் இரு பக்கமும் கல்வரிகளை வளர்ப்பர். மேற்கட்டையின் முனைகள் கால்களைத் தாண்டி நீண்டு சுவருக்குள் புதைந்துவிடும். நிலை வைப்பதை ஒரு விசேடமாகக் கொண்டாடுவது சும்மா அல்ல.

யாழ்ப்பாணத்தின் பழைய சுவர், குடாநாட்டுச் சுண்ணாம்புக் கல்லும் சுட்ட சுண்ணாம்புச் சாந்தும் சேர்ந்தது. நிலைக்கு வேம்பு, கூரைக்குப் பனை. காங்கேசன்துறைத் தொழிற்சாலை 1950இல் இயங்கத் தொடங்கியபின் அதே கல் சீமெந்தாகி வந்தது. கொங்கிறீட் லின்டலும் பரவியது. (அத்தொழிற்சாலையும் 1990இலேயே நின்றுபோனது.)

எந்தச் சுவர் நின்றது, எது விழுந்தது என்பதை இந்த மாற்றமே பெரிதும் தீர்மானித்தது எனலாம். வாசலுக்கு மேலுள்ள பாரம் முழுவதும் நேரே கீழிறங்குவதில்லை. ஒரு வரியின் மூட்டை அடுத்த வரிக் கல் மறைத்து நிற்பதால் பெரும்பகுதி பக்கச் சுவர்களுக்கு விலகிப் போகும். முக்கோண வடிவில் அமைந்த கற்கள் மாத்திரமே வாசலின்மேல் தங்கும். அதைத் தாங்க லின்டல் இருந்த வீட்டில் நிலையைப் பெயர்த்த பின்னும் சுவர் நின்றது. மரநிலையே தாங்கிய வீட்டில் அந்த முக்கோணம் சரிந்து, படிப்படியாக ஒடுங்கும் ஓட்டை ஒன்று வாசலுக்கு மேல் திறந்தது. கூரையும் இல்லை, மாரி மழை சாந்தை அரிக்க, வெடிப்புகளில் ஆலும் அரசும் வேர்விட்டன.

உடைந்த வாசலில் புதிய நிலையைச் செருகினால் போதும் என்று நினைப்பது ஆபத்து. மேற்சுவருக்கு முட்டுக் கொடுத்து, தளர்ந்த கற்களை அகற்றி, இரு புறமும் அரை அடியாவது சுவரில் அமரும் லின்டலை முதலில் இட வேண்டும். நிலை அதன் பின்னரே.

சுவரைத் திருத்தலாம், காணியை? பத்து வருடம் எதிர்ப்பின்றி ஆண்டவர் ஆட்சியுரிமை கோர இலங்கைச் சட்டம் இடமளிக்கிறது. துரத்தப்பட்டவர் வந்து எதிர்க்கவே முடியாதிருந்த வருடங்களும் அக்கணக்கில் சேர்ந்தன. இதற்குப் பரிகாரமாகச் சிறப்புச் சட்டம் வந்தது 2016இல், வெளியேற்றம் நிகழ்ந்து 26 வருடங்களின் பின். அதற்குள் பலர் வீட்டை விற்றுவிட்டனர். வாங்கியவர்கள் பழஞ்சுவரைத் தரைமட்டமாக்கிப் புதிய அத்திவாரம் போட்டனர். பழைய வாசல் எந்தத் திசை பார்த்தது என்று சொல்லப் புத்தளத்திலும் நீர்கொழும்பிலும் வாழும் முதியவர்களே மிச்சம். அவர்களிடம் ஒரு தாளைக் கொடுத்து வீட்டை வரைந்து வாங்கி வைக்க வேண்டும். அளவு பிசகினாலும் பரவாயில்லை.